நான்கு மணி நேரம் உள்ளே வராதீர்கள்!

போன் அடித்தது.

மருந்துக்காரர் எடுக்கவில்லை.

எடுக்க முடியாது. இரண்டு கைகளிலும் முழங்கை வரை ரப்பர் கையுறை. வலது கையில் அளவு மூடி. அதில் பத்து மில்லி பூச்சி மருந்து. கோட்டுக்கு ஒரு நூல் மேலே போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது...

போன் சட்டைப் பையில் துடித்து அடங்கியது.

உடனே மறுபடியும் அடித்தது!

"அடிக்கட்டும்... அவசரம்னா மறுபடியும் கூப்பிடுவாங்க." முகமூடிக்குள் சொல்லிக்கொண்டார். அவருக்குப் பேச்சுத் துணை பெரும்பாலும் அவரேதான்.

வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக் கொல்லை அது. வீட்டு ஆட்கள் காலையிலேயே குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். டேங்கில் முதலில் பாதித் தண்ணீர். அதில் மருந்து. அப்புறம் மீதித் தண்ணீர். முதலில் மருந்தை ஊற்றி மேலே தண்ணீரை விட்டால் நுரைத்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வரிசையை அவர் மாற்றியதில்லை. கையுறைக் கையால் வேறு எதையும் தொட்டதுமில்லை. மூக்கு அரித்தாலும் சரி, போன் அடித்தாலும் சரி.

மூன்றாவது முறை அடித்தது.

நீளமாக... ரொம்ப நீளமாக...

நின்றது.

கைக்குட்டையைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அடிக்க ஆரம்பித்தார். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. வேலி ஓரம், சாக்கடை ஓரம், வாசற்படி இடுக்கு... நாற்பது நிமிஷம். பிறகு கையுறையோடு சோப்புப் போட்டுக் கழுவினார். கையுறையைக் கழற்றினார். வெறும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். அதற்கப்புறம்தான் போனை எடுத்தார்.

மூன்று அழைப்புகள்.

மூன்றும் 'டீச்சர்.'

டீச்சர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மாதத்துக்கு ஒரு மெசேஜ் வரும். 'கரப்பான் மறுபடியும் வந்துவிட்டது. எப்போது வருகிறீர்கள்?' அவ்வளவுதான். நேற்றுதானே போய்விட்டு வந்தார்?

உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

"ஹலோ... டீச்சர்? கையில கிளவுஸ் போட்டிருந்தேன், அதான்..."

"யோவ்! நீதானா அது?"

ஆண் குரல்!

"நீங்க..?"

"அவ தம்பிய்யா! எங்க அக்காவைக் கொன்னுட்டியேடா பாவி! சமையலறையில நுரை தள்ளிக் கிடந்தா! பக்கத்துல உன் மருந்து பாட்டில்! இப்பத்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போறாங்க!"



அந்தப் பக்கம் போன் கை மாறியது. ஒரு பெண் குரல். இரும்புக் குரல்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். எங்க இருக்கீங்க?"

சொன்னார்.

"மேடம்... டீச்சர் உயிரோட..."

"இருக்காங்க. இப்போதைக்கு. இருக்கிற இடத்தை விட்டு அசையாதீங்க. ஜீப் வருது."

"அசையலை மேடம். கேட்ல போர்டு மட்டும் மாட்டிக்கறேன். வீட்டுக்காரங்க தெரியாம உள்ள வந்துடுவாங்க."

"உங்களை அரெஸ்ட் பண்ண ஆள் அனுப்பறேன்... நீங்க போர்டு மாட்டணும்கறீங்க!"

"சின்னப் பசங்க இருக்கிற வீடு மேடம்."



"...மாட்டுங்க."

---

ஜீப்பில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்களும் முன் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அது ஒன்றும் புதிதில்லை. பஸ்ஸிலும் அப்படித்தான். எத்தனை தடவை குளித்தாலும் அந்த வாசனை அவருக்கு முன்னால் ஏறிவிடும். பக்கத்து சீட் காலியாகவே வரும்.

மனைவி போய் ஒன்பது வருஷம். ஒற்றை அறை. ஒற்றைத் தட்டு. அவர் போகிற வீடுகளிலும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். அவர் வந்தால் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும், அதுதான் தொழில். துணி மூடிய கட்டில்கள், கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், சுவரில் சிரிக்கிற போட்டோக்கள்... இவற்றுக்கு நடுவே முகமூடி போட்டுக்கொண்டு தனியாக நடப்பார். முடித்ததும் கேட்டில் ஒரு போர்டு:

'மருந்து அடிக்கப்பட்டுள்ளது. நான்கு மணி நேரம் உள்ளே வராதீர்கள்.'

சில சாயங்காலங்களில் அந்தப் போர்டைத் தன் அறை வாசலில் மாட்டினாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தோன்றும்.

டீச்சர் வீட்டில் மட்டும் கதை வேறு.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தாறு வயது. வேலையை விட்டு இரண்டு வருஷம். மூன்று அறை வீட்டில், பெரிய தோட்டத்தோடு, தனியாக. முதல் முறை அவர் போர்டை மாட்டிவிட்டுக் கிளம்பியபோது டீச்சர் கேட்டார்:

"மருந்து சார்... இந்த நாலு மணி நேரம் நான் எங்க போகட்டும்?"

"சொந்தக்காரங்க வீடு... சிநேகிதங்க வீடு..."

டீச்சர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் தோட்டத்து மூலையில் மரத்தடி பெஞ்சைக் காட்டினார்.

"அங்க உட்காரலாமா?"

மருந்துக்காரர் கைக்குட்டையைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். "அந்தப் பக்கம் வராது. உட்காரலாம்."

"நீங்களும் உட்காருங்களேன். நாலு மணி நேரம் ஆச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சரின் கையிலேயே கடிகாரம் இருந்தது.

உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை, நான்கு மணி நேரம். வெளிக் குழாயில் கை கழுவிவிட்டு வந்தால் பிளாஸ்க்கில் டீ தயாராக இருக்கும். டீச்சர் கேள்வியாகக் கேட்பார். ஏன் பாதித் தண்ணி முதல்ல? ஏன் ஜூஸ் பாட்டில்ல மருந்தை ஊத்தி வைக்கக் கூடாது? ஏன் மூணு தடவை அலசறீங்க? வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவருடைய தொழிலைப் பாடம் போலக் கேட்டார். மறுமாதம் ஒப்பிக்கவும் செய்தார்!

அந்த டீச்சர் இப்போது...

மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மருந்துக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சுத்தமாகக் கழுவிய கைகள்.

---

ஸ்டேஷன். காலை பதினொரு மணி. ஜன்னல் வழியே வெயில் மேஜை முழுக்கக் கொட்டிக் கிடந்தது.

மேஜைமேல் அவருடைய ஸ்ப்ரேயர், பழைய டயரி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மருந்து பாட்டில்.

எதிர் பெஞ்சில் டீச்சரின் தம்பி. வீடு, மனை வாங்கி விற்கும் புரோக்கர். தோளில் குறுக்கே மாட்டிய துணிப் பையை இடுப்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் ஃபேன் சுழன்றும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"லைட்டைப் போடுங்க மேடம்... ஒரே இருட்டா இருக்கு," என்றான்.

"அக்காவை நினைச்சு நினைச்சுக் கண்ணே இருட்டுதா? தண்ணி குடிங்க." இன்ஸ்பெக்டர் மருந்துக்காரர் பக்கம் திரும்பினாள். "இது உங்க பாட்டில்தானே?"

"ஆமா மேடம். லேபிள்ல என் கையெழுத்து. திறந்த தேதியை எழுதி வைப்பேன்."

"டீச்சர் வீட்டு சிங்க் அடியில எப்படி வந்துச்சு?"

"தெரியலை மேடம். காலி பாட்டிலெல்லாம் சாக்குல போட்டு என் வண்டியிலதான் கட்டியிருப்பேன். மாசக் கடைசியில மருந்து டிப்போவுல திருப்பிக் கொடுத்துடுவேன்."

"பொய்!" தம்பி எகிறினான். வாயோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "நேத்து சாயங்காலம் இவன்தான் அக்கா கையில கொடுத்தான். அரை பாட்டில் மருந்து! 'செடிக்கு நீங்களே அடிச்சுக்கங்க'ன்னான். ராத்திரி முழுக்க சிங்க் அடியிலதான் இருந்துச்சு. காலையில வந்து பார்த்தேன்... பாட்டில் காலி. அக்கா தரையில!"

"நேத்து போனீங்களா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"போனேன் மேடம்."

"என்ன மருந்து அடிச்சீங்க?"

மருந்துக்காரர் மேஜைமேல் இருந்த டயரியைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் டயரியைப் புரட்டினாள். "ஒவ்வொரு வீட்டுக்கும் மருந்து பேரு, எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணி... காத்து எந்தப் பக்கம்னுகூட எழுதியிருக்கீங்க. டீச்சர் வீட்டுக்கு மட்டும் ஆறு மாசமா வெறும் கோடு! ஏன்?"

அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் பாதிச் சந்தேகம் விலகிவிடும் என்பதும் தெரியும். ஆனால் அது அவருக்கும் அந்த மரத்தடி பெஞ்சுக்கும் நடுவிலான விஷயம். போலீஸ் மேஜையில் வைக்க மனம் வரவில்லை.

"மறந்துட்டேன்."

"காத்தையே மறக்காத ஆளு!" இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "டீச்சர் உங்களை மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. ஏன் எடுக்கலை?"

"கையில... கிளவுஸ் இருந்துச்சு மேடம்."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" தம்பி கத்தினான். "எவனாவது நம்புவானா?"

அவன் கத்தலை மேஜை போன் வெட்டியது. டாக்டர். இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், நீங்க சொன்ன லேபிள் மருந்து வேற... இங்க நான் பார்க்கிறது வேற! வேர்த்துக் கொட்டுது, எச்சில் வழியுது, கண் பாப்பா கடுகளவு சுருங்கிக் கிடக்கு. இது வயல்ல அடிக்கிற கடுமையான ரகம். ஒரு ஊசி ஆரம்பிச்சுட்டேன். ஆனா பேர் தெரிஞ்சாத்தான் அடுத்ததைத் துணிஞ்சு போட முடியும். அந்த மருந்துக்காரரைக் கேளுங்க. சீக்கிரம்!"

"அந்த ரகம் என்கிட்ட கிடையவே கிடையாது டாக்டர்!" மருந்துக்காரர் எழுந்தேவிட்டார். "வீட்டுப் பக்கமே கொண்டு வரக்கூடாத மருந்து அது! டீச்சர் கடைசியா என்ன குடிச்சாங்க?"

"டானிக் போல ஏதோ. தொண்டையில அந்த வாசனைதான்."

"அந்தக் கசப்பு டானிக்..." மருந்துக்காரர் முணுமுணுத்தார். "காலையில மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்காக் குடிப்பேன்னு சொல்வாங்க... உள்ள என்ன இருந்தாலும் தெரிஞ்சிருக்காது..."

"உனக்கு எப்படிடா அதெல்லாம் தெரியும்?" தம்பி பல்லைக் கடித்தான். "மரத்தடியில உட்கார்ந்து உட்கார்ந்து வீட்டு ரகசியமெல்லாம் கறந்துட்டியா?"

மருந்துக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். ஃபேனுக்கடியில் வியர்வை. அடிக்கடி துடைக்கிற வாய். நல்ல வெயிலில் இருட்டு என்கிற கண்கள். அந்தக் கண்களுக்கு நடுவே... கறுப்புப் புள்ளி...

கடுகு!

"மேடம்." அவர் குரல் மாறிவிட்டது. "அந்தப் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

"எதுக்கு? லேபுக்குத் துளி எடுத்து அனுப்பியாச்சு..."

"ஊத்துங்க மேடம். கீழ ஒரு பேசின் வைங்க. கிளவுஸ் போட்டுக்கிட்டு ஊத்துங்க... என் பையில புது ஜோடி இருக்கு."

"இந்த ஆளு தூக்குமேடையிலயும் கிளவுஸ் கேட்பான் போல," என்று முனகியபடி இன்ஸ்பெக்டர் கையுறையை மாட்டிக்கொண்டாள். பாட்டிலைப் பேசினுக்கு மேலே பிடித்துத் தண்ணீரை ஊற்றினாள்.

டொக்.

டொக்... டொக்... டொக்...

பாட்டிலின் அடி விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய நூல் இறங்கியது!

இன்ஸ்பெக்டர் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஊசி நுனி அளவு ஒரு வெளிச்சம்.

"ஓட்டை!"

"நான் போட்டது மேடம். காலியானதும் மூணு தடவை அலசி, அந்தத் தண்ணியையும் டேங்க்லயே ஊத்திட்டு, கோணி ஊசியால அடியில ஒரு குத்துக் குத்துவேன். இல்லாட்டி யாராவது எடுத்து எண்ணெய் வாங்கப் போயிடுவாங்க. என் சாக்குல இருக்கிற எந்தப் பாட்டிலும் ஒரு சொட்டுக்கூடத் தாங்காது."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ராத்திரி முழுக்க அரை பாட்டில் இருந்துச்சுன்னீங்க. இங்க அரை நிமிஷம் நிக்கலையே தம்பி?"

"அது... மூடி போட்டிருந்துச்சு..."

"மூடி போட்டா மெதுவாச் சொட்டும்," என்றார் மருந்துக்காரர். "தூக்கிட்டு வந்தவருக்குத் தெரிஞ்சிருக்காது. எதுல வச்சுத் தூக்கிட்டு வந்தாரோ... அது நனைஞ்சிருக்கும்."

எல்லார் கண்களும் அந்தத் துணிப் பைமீது விழுந்தன.

பையின் அடியில் மஞ்சளாக ஒரு வட்டம். அதையொட்டிய பேன்ட் துணியில் இன்னொரு வட்டம், உள்ளங்கை அகலத்துக்கு.

தம்பி எழுந்தான். ஓடப் போகிறவன் மாதிரி ஓர் அடி வைத்தான். இரண்டாவது அடியில் கால் மடங்கியது. தரையில் சரிந்தான். வாயோரம் எச்சில் கோடாக வழிந்தது...

ஒரு கான்ஸ்டபிள் தூக்கப் பாய்ந்தார்.

"தொடாதீங்க!"

ஸ்டேஷனே அதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் மருந்துக்காரர் அப்படிக் கத்தியதில்லை.

"வெறுங்கையால யாரும் தொடாதீங்க! தோல் வழியா ஏறிட்டிருக்கு அவருக்கு! சோப்பு கொண்டாங்க! குழாய் எங்க இருக்கு?"

தன் பழைய கையுறையை மாட்டிக்கொண்டார். பையைக் கத்தரியால் வெட்டி எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டார். பேன்ட்டையும் வெட்டி எடுத்தார். பின்கட்டுக் குழாயடியில் அவனைச் சாய்த்து, ஓடுகிற தண்ணீரில், சோப்பைக் குழைத்துக் குழைத்து... தன்னைக் கொலைகாரன் ஆக்க வந்தவனை ஒரு தகப்பன் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினார்.

"பேரைச் சொல்லு," என்றார்.

"நான் எதையும்... செய்யலை..."

"நீ செஞ்சியா இல்லையான்னு இன்ஸ்பெக்டரம்மா கேட்டுக்கட்டும். எனக்கு மருந்து பேரு வேணும். உங்க அக்கா உடம்புல இருக்கிறதுதான் உன் உடம்புலயும் ஏறுது. நீ சொல்ற பேரு உனக்கும் சேர்த்துத்தான். சொல்லுப்பா!"

தம்பி நனைந்த தன் தொடையைப் பார்த்தான்.

சொன்னான்.

கேட்டதும் மருந்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நொடி இன்ஸ்பெக்டர் போனில் டாக்டரிடம் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா?" போனை வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"வீட்டை... விக்கலாம்னேன். முடியாதுன்னுட்டா. இந்த ஆளோட மாசாமாசம் பெஞ்சுல உட்கார்ந்து சிரிக்கறா... இவனுக்கு எழுதி வச்சுட்டா..? நேத்து இவன் உள்ள இருந்தப்போ சாக்குல இருந்து பாட்டிலை எடுத்தேன்... வயல் மருந்தை அதுல ஊத்திப் பையில வச்சுக்கிட்டேன்... காலையில, அவ செடிக்குத் தண்ணி விடறப்போ டானிக்ல..."

"போதும், மீதியை ஆஸ்பத்திரியில எழுதிக்கறேன்." இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள். "மருந்துக்காரரே, சோப்பு போட்டு முடிச்சதும் சொல்லுங்க. இப்ப மாட்டினா வழுக்கிடும்."

---

ஐந்தாம் நாள் சாயங்காலம் நான்கு மணி. ஆஸ்பத்திரி.

டீச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசிக் குழாய். முகம் பாதியாகிவிட்டது. கண்கள் மட்டும் பழைய கண்கள். பார்க்க வருகிறவர்கள் உட்காரப் போட்டிருந்த நாற்காலி ஐந்து நாளாக நகர்த்தப்படாமல் சுவரோரம் கிடந்தது.

மருந்துக்காரர் அறை வாசலிலேயே நின்றார். இரண்டு முறை குளித்துவிட்டு வந்திருந்தார். ஆள் இருக்கிற அறைக்குள் நுழைந்து பழக்கமில்லை.

"உள்ள வாங்க மருந்து சார். இங்க போர்டு எதுவும் மாட்டலை."

வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"போன் அடிச்சப்போ... எடுக்கலை டீச்சர்..."

"கிளவுஸ் கையோட எடுத்திருந்தா நானே திட்டியிருப்பேன்."

"மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே டீச்சர்?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"தலை சுத்துச்சு. யாரையாவது கூப்பிடணும்னு தோணுச்சு. விரல் அங்கதான் போச்சு. வேற எந்தப் பேரும் ஞாபகத்துக்கு வரலை. யோசிச்சுப் பார்த்தா... இருந்தாத்தானே வர்றதுக்கு?"

மருந்துக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கதவு படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர்!

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல மாட்டினீங்களா! நல்லதாப் போச்சு. தம்பி பிழைச்சுட்டான் டீச்சர். வாக்குமூலம் கொடுத்துட்டான். கேஸ் முடிஞ்ச மாதிரிதான்... ஆனா ரெண்டு விஷயம் எனக்கு இன்னும் புரியலை. மருந்துக்காரரே, முதல்ல நீங்க!"

"மேடம்..?"

"உங்க ஸ்ப்ரேயர்ல ஒட்டியிருந்தது அன்னிக்குக் காலையில அந்தக் கொல்லையில அடிச்ச மருந்து. சரி. ஆனா டீச்சர் வீட்ல, முந்தின நாள் நீங்க அடிச்ச மூலையெல்லாம் துடைச்சு லேபுக்கு அனுப்பினேன். என்ன வந்துச்சு தெரியுமா? தண்ணி. வெறும் குழாய்த் தண்ணி காய்ஞ்ச தடம்!"

டீச்சரின் தலை மெல்லத் திரும்பியது.

மருந்துக்காரருக்கு வியர்த்தது. டாக்டர் பார்த்திருந்தால் அவருக்கும் ஊசி போட்டிருப்பார்.

"இதை ஸ்டேஷன்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"டீச்சர் காதுக்குப் போயிடும்னு..." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதல் தடவை வேலி ஓரம் கரையான் இருந்துச்சு. வாசல்ல எறும்பு. மருந்து அடிச்சேன். போயிடுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. இல்லாத பூச்சிக்கு மருந்து அடிக்கிறது தப்பு டீச்சர். வீட்டுக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல். அதான்... ஒரு வருஷத்துக்குச் சேர்த்துப் பேசின வேலைதானேன்னு... சும்மா தண்ணி..."

"அதைச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே?" டீச்சரின் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"சொன்னா அப்புறம் வர முடியாதே டீச்சர்."



"ஆக," டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், "வெறும் தண்ணி காயறதுக்கு... ஆறு மாசமா... மாசம் நாலு மணி நேரம்... என்னை வெளியில உட்கார வச்சிருக்கீங்க!"

"மன்னிச்சுடுங்க டீச்சர்."

"இருங்க, இருங்க!" இன்ஸ்பெக்டர் கையமர்த்தினாள். "ரெண்டாவது விஷயம் டீச்சருக்கு. உங்க சமையலறை அலமாரியில, மசாலா டப்பாவுக்குப் பின்னாடி ஒரு தீப்பெட்டி கிடைச்சுது. ரகசியமா ஒளிச்சு வச்சிருந்தீங்க. விடை தெரியாத ஒரே தடயம் இதுதான். அஞ்சு நாளா அலைச்சல்ல திறந்துகூடப் பார்க்கலை. என்ன இருக்கு இதுல?"

"வேண்டாம்! திறக்காதீங்க!" டீச்சர் பதறினார்.

அது போதாதா ஒரு போலீஸ்காரிக்கு? திறந்தாள்.

"அய்யோ!"

மூன்று ரவுடிகளைத் தனியாளாகப் பிடித்த இன்ஸ்பெக்டர் கதவோரம் கிடந்த ஸ்டூல்மேல் ஏறி நின்றாள்!

தீப்பெட்டிக்குள், வெள்ளைப் பஞ்சு மெத்தையில், பத்திரமாக மல்லாந்து கிடந்தது... ஒரு செத்த கரப்பான் பூச்சி.

டீச்சரின் வெளுத்த முகத்தில் ஐந்து நாளில் முதல்முறையாக ரத்தம் ஏறியது.

"என் வீட்ல கரப்பானே கிடையாது," என்றார், போர்வையைப் பார்த்து. "கரையான் போனதும் பயமாயிடுச்சு. இனிமே எதுக்கு வருவார்? மளிகைக் கடை வாசல்ல ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. பொறுக்கிட்டு வந்தேன். அவர் வர்ற அன்னிக்குக் காலையில எடுத்து மூலையில வைப்பேன். போனதும் மறுபடியும் பெட்டியில..."

பள்ளிக்கூடமே பார்த்து நடுங்கிய டீச்சர், காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மருந்துக்காரர் மெல்லச் சிரித்தார்.

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"ஆறு மாசமா அதே கரப்பான்தான். இடது மீசை கிடையாது. போன மாசம் ஒரு காலும் உதிர்ந்துபோச்சு. ஒட்ட வச்சிருந்தீங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் டீச்சரைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த நாற்காலி எப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"டிஸ்சார்ஜ் ஆனதும்," என்றார் டீச்சர், "கரப்பான் இல்லாமயே வர முடியுமா?"

"வர்றேன் டீச்சர். போர்டையும் கொண்டு வரமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் இன்னும் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. தீப்பெட்டியை ஒற்றை விரலால் தள்ளி மூடினாள். மருந்துக்காரரின் கையுறைக்காகக் கையை நீட்டியபடியே சொன்னாள்:

"எல்லாரும் பிழைச்சுட்டீங்க. இந்தக் கேஸ்ல எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு பிணம்... அதையும் ஆறு மாசமா வேலைக்கு அனுப்பியிருக்கீங்க!"